பிரிக்பீல்ட்ஸ் ஜோடிப் பூச்சி

மலாயாவின் கிள்ளான் துறைமுகத்தில் எனக்குக் கிடைத்த முதல் கோப்பியை நான் குடிக்கவில்லை. கண்ணாடிக் கோப்பையின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளையாக என்னவோ படிந்திருந்தது. அரிசிமாவா சுண்ணாம்பா என்று தெரியவில்லை. கடைக்காரச் சீனரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கோப்பையை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கரண்டியை விட்டு நன்றாகக் கலக்கி வைத்துவிட்டுப் போனார். டப்பாப் பாலாம். பக்கத்து மேஜையில் இருந்த தமிழர் ஒருவர் சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்குச் சந்தேகம் கூடிவிட்டது, எழுந்து வந்துவிட்டேன்.

என் சுபாவம் அப்படி. சாமி கும்பிடும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பேன் என்று என் மனைவி சொல்வாள். என் உத்தியோகமும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. சென்னையில் ஒரு கல்லூரியில் பிராணி சாஸ்திரப் பகுதிக்கு நான் டெமான்ஸ்ட்ரேட்டர். வெளியூர்களிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் பூச்சிகளைப் பிரித்து, எது நிஜம், எது கைவேலை என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. பட்டாம்பூச்சி விற்கிறவர்களை நம்பவே கூடாது. கொம்பு உடைந்தால் வேறொன்றின் கொம்பை ஒட்டுவார்கள், வயிறு போனால் வேறொன்றின் வயிறு. ஒருமுறை குளவி உடம்பில் ஈயின் இறகை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். குளவிக்கு நாலு இறகு, ஈக்கு இரண்டு என்பதுகூடத் தெரியாத ஆள்! அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமில்லை.

நான் மலாயா போனதும் ஒரு பூச்சிக்காகத்தான். அந்த நாட்டுக் காடுகளில், உளுத்துப்போன மரக்கட்டைகளின்மேல் ஊரும் ஒரு ஜந்து உண்டு. நடுவிரல் நீளம் இருக்கும். கறுப்பு ஓடு, ஓரமெல்லாம் செம்மஞ்சள் முள். முன்னால் மூன்று அகலமான தகடுகள், பின்னால் வாலை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் வளையங்கள். தலையோ கடுகளவு, தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆதிகாலத்துக் கடலில் வாழ்ந்து, இப்போது கல்லுக்குள் அச்சாக மட்டும் கிடைக்கும் டிரைலோபைட் என்ற பிராணியைப் படத்தில் பார்த்தவர்கள் இதைப் பார்த்தால், அது அழியவில்லை, மலாயாவில் நடமாடுகிறது என்று அடித்துச் சொல்வார்கள்.

எங்கள் புரொபசர் அந்தப் பேச்சை ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்: கால் எத்தனை? டிரைலோபைட்டுக்கு உடம்பு நெடுக, வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால். இதற்கு மொத்தமே ஆறு, அதுவும் முன்பக்கத்து மூன்று தகடுகளுக்கு அடியில். ஆகவே பூச்சி. தாடையைப் பிரித்துப் பார்த்தால் வண்டினத்துப் புழு. ஆனால் எந்த வண்டின் புழு? கப்பலில் உயிரோடு வரவழைத்து நாங்கள் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்த இரண்டும் தோலுரித்தன, பெரிதாயின, செத்தன. கூட்டுப்புழுவும் ஆகவில்லை, இறகும் முளைக்கவில்லை. “இது யாருடைய பிள்ளை?” என்று புரொபசர் இரண்டு வருஷமாக எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நாகலிங்கம் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீஸ் கிளார்க். ஒரே பக்கம்தான் எழுதியிருந்தார். இது யாருடைய பிள்ளையும் இல்லை, இதுவே தாய், இதற்குமேல் இது வளராது, இதன் ஆண் ஒரு சின்னஞ்சிறு வண்டு, கறுப்பு, தோளில் மஞ்சள், இரண்டும் இணைந்திருந்த நிலையிலேயே பிடித்துச் சாராயத்தில் போட்டு வைத்திருக்கிறேன் என்று.

புரொபசர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் எழவில்லை. கோந்து என்றேன். ஒரு புழுவையும் ஒரு வண்டையும் கோந்து போட்டு ஒட்டுவது எவ்வளவு நேர வேலை? புரொபசர் கொஞ்சம் யோசித்து, என்னையே போகச் சொன்னார். நிஜமென்றால் ஜோடியை வாங்கி வரவேண்டும். அந்தக் கிளார்க் பெயரிலேயே விஞ்ஞான சங்கக் கூட்டத்தில் வாசித்து அச்சில் போட்டுவிடுவார். ஒட்டென்றால் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த மனிதர் கையிலேயே கொடுத்துவிட்டு வரவேண்டும். இப்படித்தான் ஒரு மனிதரின் நாணயம் என் பேனா முனையில் வந்து நின்றது.

ரயில் கோலாலம்பூருக்குள் நுழைந்தபோது சரியான மழை. எங்கள் ஊரில் மழை வருகிறது என்றால் முதலில் காற்று வந்து சொல்லும். இங்கே எந்த முன்னறிவிப்பும் இல்லை, வாளியைக் கவிழ்த்த மாதிரிதான். ரிக்ஷாக்காரர் என்னை ஏற்றிக்கொண்டு ஒரே தெருவில் இரண்டு தரம் போனார். சுற்றிக் காட்டி ஏய்க்கிறார் என்று சத்தம் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, ரயில்வே கேட் மூடியிருந்ததால் திரும்பினாராம். அதையும் நான் பாதிதான் நம்பினேன்.

நாகலிங்கத்தின் வீடு ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் நடுவே இருந்தது. ஒல்லியான மனிதர், ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி. பேசுவதற்குமுன் தொண்டையைச் செருமிக்கொள்வார், செருமிவிட்டுப் பல சமயம் பேசாமலே விட்டுவிடுவார். அவர் மனைவி இராசம்மா அதற்கும் சேர்த்துப் பேசுவார். “வாங்கோ, இருங்கோ” என்று வாய் அழைத்ததே ஒழிய, கண் என் பெட்டியை எடை போட்டது. எங்கே தங்குவது என்று நான் விசாரித்ததும், முன்னறையை ஒழித்து வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். கண்ணெதிரே வைத்துக்கொள்ளத்தான் இந்த உபசாரம் என்று எனக்குப் பட்டது.

புட்டும் சொதியும் போட்டார்கள். மஞ்சள் நிறத்தில் தண்ணீராக ஒரு குழம்பு, தேங்காய்ப்பால் வாசனை. எங்கள் வீட்டு வத்தக்குழம்பை நினைத்துக்கொண்டு சந்தேகத்தோடுதான் ஊற்றிக்கொண்டேன். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை நாகலிங்கம் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, பீரோவிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வந்து ஜன்னலோரம் வைத்தார். சாராயத்தில் மிதந்தது அந்த ஜந்து, அப்பழுக்கில்லாமல். அதன் வால் நுனிக்கு அடியில், நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வண்டு, கறுப்புடம்பு, தோளில் மஞ்சள், தன் பின்பக்கத்தால் ஒட்டிக்கொண்டு தொங்கியது. யானையின் வாலில் எலியைக் கட்டிவிட்டது போலிருந்தது. இதுவா புருஷன், அதுவா பெண்டாட்டி! எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. குப்பியை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, அவர் விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

பீரோக் கதவு திறந்தே கிடந்தது. எட்டிப் பார்த்தேன். சிகரெட் டின்கள் வரிசையாக. ஒன்றைத் திறந்தால் பட்டாம்பூச்சிக் கொம்புகள். அடுத்ததில் வெட்டுக்கிளிக் கால்கள். இன்னொன்றில் வண்டுகளின் தலைகள், அளவுவாரியாக. அவற்றுக்குப் பின்னால் ஒரு கோந்துப் புட்டி, தூரிகையோடு. அந்த நிமிஷமே என் மனத்துக்குள் சர்டிபிகேட் எழுதி முடித்துவிட்டேன்.

நான் கேட்காமலே அவர் சொன்னார். தோட்டத்துத் துரைமார் பங்களாச் சுவரில் மாட்டப் பட்டாம்பூச்சிப் பெட்டி கேட்பார்கள், முழுசாக இருந்தால்தான் வாங்குவார்கள், அதற்கு ஒட்டித்தான் கொடுப்பது. “அது சுவருக்கு. இது படிப்புக்கு. ரெண்டையும் நான் ஒருநாளும் கலந்ததில்லை.” அவ்வளவுதான். ஆனால் அவர் அப்பால் போனதும் இராசம்மா மிச்சத்தைச் சொன்னார். இரண்டு வருஷத்துக்குமுன் சீமைக்கு அனுப்பிய ஒரு பெட்டி, ‘ஒட்டுவேலை’ என்ற ஒற்றை வரிக் குறிப்போடு திரும்பி வந்ததாம். சுவர்ப் பெட்டியும் படிப்புப் பெட்டியும் தபாலில் மாறிப்போய்விட்டனவாம். அதிலிருந்து இவர் எழுதும் கடிதத்துக்கு எந்த ஊரிலிருந்தும் பதில் கிடையாது. உங்கள் ஆட்கள் மட்டும்தான் பதில் போட்டார்கள் என்றார். பெட்டி மாறிவிட்டது என்ற கதையை என் உத்தியோகத்தில் நான் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்!

மூன்றாம் நாள் அந்த ஜந்துவை அது வாழும் இடத்திலேயே காட்டுவதாகச் சொல்லி என்னைக் கோம்பாக் காட்டுப் பக்கம் கூட்டிப் போனார். போனது ஒரு குட்டி பஸ்ஸில். அதற்குக் கொசு பஸ் என்று பேர். ஏழு பேர் உட்காரும் இடத்தில் பதினொரு பேர், இரண்டு கோழி. ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. மலாய்க்கார டிரைவர் திரும்பிப் பார்த்து என்னவோ சொன்னார். “இவளுக்கு மூச்சு வாங்குது, எல்லாரும் இறங்குங்கோ எண்டு சொல்லுறார்” என்று நாகலிங்கம் தமிழில் சொன்னார். எல்லோரும் இறங்கித் தள்ளினோம். வேட்டியெல்லாம் சேறு. ஒரு மலாய்ப் பெரியவர் என்மேல் இரக்கப்பட்டு, லங்சாட் என்று ஒரு கொத்துப் பழம் நீட்டினார். நான் உரித்து, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு, தான் செத்துவிழவில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பஸ்ஸே சிரித்தது. பழம் நன்றாகத்தான் இருந்தது, கொட்டைதான் கசந்தது.

காட்டுக்குள் அரைமைல் போவதற்குள் ஆறு அட்டை. ஒரு பாசி பிடித்த கட்டையைப் புரட்டி, “வடிவாப் பாருங்கோ” என்றார், நன்றாகப் பாருங்கள் என்று. இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் பார்த்ததற்கும் காட்டில் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நிதானமாக, யாருக்கும் பயப்படாமல், பாசியில் கசியும் நீரை உறிஞ்சிக்கொண்டு நகர்ந்தது. கையிலெடுத்தார், தலை உள்ளே போய்விட்டது. புரட்டிக் காட்டினார். ஆறு கால். பக்கவாட்டில் மூச்சுத் துளைகள். வால்பக்கத்து அடி வளையத்தில் ஊசி முனையால் ஓர் இடத்தைத் தொட்டார். அங்கே ஒன்றும் இல்லை, வழவழவென்று மூடியிருந்தது. இது இன்னும் பிள்ளை, முட்டை வாசல் திறக்கவில்லை என்றார். கடைசியாக ஒருதரம் தோலுரித்தபின் அந்த வாசல் திறக்குமாம். இறகு வராது, உருவம் மாறாது, அதுதான் தாயாகி முட்டையிடுமாம்.

நான் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்திருக்கவேண்டும். அவர் அன்றைக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேசினார். “உங்கட ஊரில மின்மினி இருக்குத்தானே. சிலதில பெட்டை கடைசி மட்டும் புழுதான், ஆண்தான் பறக்கும். குப்பிக்குள்ள இருக்கிற சின்ன வண்டின்ர மேலுறையைப் பாருங்கோ, வலை மாதிரி வரி ஓடுது. மின்மினியின்ர பங்காளி வீடு. இதுவும் அந்த வீட்டுப் பெட்டைதான். வெளிச்சட்டையைப் பாத்துச் சொந்தம் சொல்லக்கூடாது ஐயா. வாசலைப் பாக்கவேணும், காலைப் பாக்கவேணும், தாடையைப் பாக்கவேணும்.” பேச்சு கச்சிதமாக இருந்தது. தயார் செய்து வைத்த பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜோடியை முதலில் கண்டது தானல்ல, கூட வந்த சடையன் என்ற கூலியாள் என்று அவர் சொல்லியிருந்தார். சடையன் இப்போது கிள்ளானுக்கு அப்பால் காப்பார் ரோட்டில் ஒரு தென்னந்தோட்டத்தில் இருந்தான். நாலாம் நாள் அவரிடம் சொல்லாமல் நானே கிளம்பிப் போனேன். முன்கூட்டிச் சொன்னால் ஆள் விட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்துவிடுவார் அல்லவா? தோட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரித் தென்னை. இரண்டு மணி நேரம் சுற்றி, போன வழியிலேயே மூன்று தரம் வந்து, கடைசியில் கொப்பரை காயும் களத்தில் அவனைப் பிடித்தேன். என்னைவிடப் பத்து வயது பெரியவன். உட்காரச் சொல்லி, இளநீர் வெட்டிக் கொடுத்தான்.

கிளார்க்கை இங்கே கிராணி என்கிறார்கள். சடையன் சொன்னான்: “பெருசு கட்டையில இருந்துச்சுங்க ஐயா. சிறுசு அது வாலுக்கு அடியில தொங்குச்சு. கறுப்பு, தோள்ல மஞ்சள். நான் ஏதோ எறும்புதான் கடிச்சு இழுக்குதுன்னு தட்டப் போனேன். கிராணி ஐயா கையப் புடிச்சுக்கிட்டாரு. அவரு கை நடுங்குச்சு.”

கறுப்பு, தோளில் மஞ்சள். கிளார்க் கடிதத்தில் எழுதிய அதே வார்த்தை. சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று குறித்துக்கொண்டேன். அன்றைக்கு மழையா என்று கேட்டேன். நல்ல மழை என்றான். கிளார்க் வெயில் என்று சொல்லியிருந்தார். கதை ஒட்டவில்லை என்று அதையும் குறித்துக்கொண்டேன். ஒத்துப்போனாலும் குற்றம், போகாவிட்டாலும் குற்றம் என்று எழுதுகிறோமே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. என்ன சொல்லும்படி கிராணி உனக்குச் சொல்லிவைத்தார் என்று நேராகவே கேட்டேன்.

அவன் முகம் மாறிவிட்டது. “பாக்காததச் சொல்ல எனக்கு என்னங்க வந்துச்சு” என்று சொல்லிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். பாதி இளநீரோடு நான் நின்றேன். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பி வரும் ரயிலில், குற்றமுள்ளவனுக்குத்தான் கோபம் வரும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் சோதனை. கோந்து வேலையைக் கண்டுபிடிக்க எங்கள் பகுதியில் ஒரு வழி உண்டு. கோந்து சாராயத்தில் கரையாது. எத்தனை வருஷம் போட்டாலும் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீரில், அதுவும் வெதுவெதுப்பான தண்ணீரில், விட்டுவிடும். ஒரு தட்டில் ஊறப்போட்டால் ஒட்டியது தானாகக் கழன்று மிதக்கும். நாகலிங்கத்திடம் சொன்னேன். அவர் செருமினார். பிறகு, “கை விரல் பொறுக்கிற சூடுதானே?” என்று மட்டும் கேட்டார். எனக்கே பாடமா என்று கோபம் வந்தது. ஆமாம் என்றேன்.

இராசம்மா அடுப்பிலிருந்து வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தார். ஆவி பறந்தது. ஆறவிட்டிருக்கவேண்டும். நாகலிங்கத்துக்கு ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, எனக்கோ இந்தக் காரியத்தை முடித்துவிட்டுக் கப்பலைப் பார்க்கவேண்டும் என்ற அவசரம். ஜோடியைத் தட்டில் விட்டு, ஒரு கிண்ணம் வெந்நீரை ஊற்றினேன். பத்து நிமிஷம். கழலவில்லை. சின்ன இடுக்கியால் வண்டைப் பிடித்து லேசாக அசைத்தேன். இன்னும் ஒருதரம் அசைத்தேன். விட்டது.

“பாருங்கள்” என்றேன். என் குரலில் இருந்த வெற்றி எனக்கே கேட்டது.

அவர் பார்த்தார். வாதாடுவார், சத்தம் போடுவார் என்று நான் எல்லாப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவரோ தட்டில் தனித்தனியாகக் கிடந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றார். நான் காகிதம் எடுத்து, வெந்நீரில் பிரிந்தது, ஆகவே ஒட்டு என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில், பூதக்கண்ணாடி இருக்கும் அதே பையில், வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் இலை போட்டார்கள். நான் தயங்கினேன். இராசம்மா பரிமாறிவிட்டு நின்று, “சாப்பிடுங்கோ. சோத்தில கோந்து இல்லை” என்றார். அந்தச் சோறு எப்படி இறங்கியது என்று எனக்கு நினைவில்லை.

தட்டில் இருந்த தண்ணீரை நான் கொட்டவில்லை. பூச்சிகள் இரண்டையும் எடுத்துச் சாராயத்தில் போட்டுவிட்டு, தட்டை முன்னறை ஜன்னலில் காயவைத்தேன். கோந்து கரைந்த தண்ணீர் வற்றினால் பளபளவென்று ஏடு மாதிரி படியும். அதைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துப் புரொபசரிடம் கொடுத்தால், என் சர்டிபிகேட்டுக்கு அத்தாட்சி. என் சந்தேகத்துக்கும் ஒரு ரசீது வேண்டுமல்லவா?

மறுநாள் காலை தட்டு காய்ந்திருந்தது. ஏடு இல்லை. விரலால் தடவினேன், நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தேன். வெறும் பீங்கான். என்னோடு கொண்டுவந்திருந்த பித்தளை மைக்ராஸ்கோப்பை எடுத்து ஜன்னலில் வைத்து, முதலில் வண்டை அடியில் வைத்தேன். ஆண் வண்டுக்குப் பின் நுனியில் வளைந்த, கொம்பு போலக் கெட்டியான உறுப்பு ஒன்று இருக்கும். வண்டு ஒவ்வொன்றுக்கும் அதன் வடிவம் வேறு. அதை வைத்துத்தான் நாங்கள் இனமே பிரிப்போம். இந்த வண்டுக்கு அது இல்லை. கடைசி வளையம் கிழிந்திருந்தது. உறுப்பு அடியோடு முறிந்திருந்தது.

பிறகு அந்தப் பெரிய ஜந்துவைப் புரட்டி வைத்தேன். கோம்பாக்கில் அவர் ஊசியால் தொட்டுக் காட்டிய இடம். இதில் மூடியிருக்கவில்லை. முட்டை வாசல் திறந்திருந்தது. அதற்குள்ளே, பழுப்பாக, பளபளப்பாக, முறிந்த முனை ஒன்று தெரிந்தது. வளைவு உட்பக்கமாகக் கொக்கி போட்டிருந்தது.

எந்தக் கோந்துக்காரனாலும் இதைச் செய்ய முடியாது. அது தாய்தான். இது புருஷன்தான். காட்டில் மழையோ வெயிலோ, இரண்டும் இணைந்துதான் இருந்தன. அந்த மனிதர் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். பிரித்தது கோந்து கரைந்தல்ல, என் கை. கொதிக்கும் நீரில் மென்மையாகிப்போனதை, என் அவசரத்தில், இடுக்கியால் முறித்திருக்கிறேன்.

இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்: ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சர்டிபிகேட் கொடுத்தாயிற்று, மறுநாள் கப்பல். முறிந்ததை ஊசியால் நோண்டி எடுத்துவிட்டால் பூமியில் ஒருவருக்கும் தெரியாது. அரிய ஜோடியை உடைத்த டெமான்ஸ்ட்ரேட்டர் என்று தெரிந்தால் என் வேலையே போகலாம். ஊசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் என் வாழ்நாளில் நான் ஓர் ஆயிரம் பூச்சியில் பொய்யைத் தேடியிருக்கிறேன். ஒன்றிலாவது பொய்யை வைத்ததில்லை. அது முடியவில்லை. எழுந்து உள்ளே போனேன். நாகலிங்கம் ஆபீசுக்குப் புறப்பட்டு, குடையைக் கையில் எடுத்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னேன்.

அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். இல்லை. செருமினார். “ராத்திரி முழுக்க அது உங்களிட்டத்தானே இருந்தது” என்றார். “நீங்கள் என்னில பாவம் பாத்து, முறிஞ்சதை உள்ளுக்குச் செருகேல்லை எண்டதை நான் என்னெண்டு நம்புறது?”

என்னை ஒருவர் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. நியாயமான கேள்வி. எனக்கு ஆத்திரம் வரவில்லை, அழுகை வரும் போலிருந்தது.

குடையைச் சாத்திவிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்தார். ஆபீஸ் சங்கு ஊதி ஓய்ந்தது, அவர் எழவில்லை. உள்ளே கொக்கி மாட்டியிருக்கும் கோணத்தை வரைந்தார். வாசலைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்று தேடினார். முறிந்த வாய் இரண்டும் பொருந்துகின்றனவா என்று அளந்தார். இராசம்மா வாசற்படியில் கரண்டியோடு அசையாமல் நின்றார். கடைசியில் அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்து, “உண்மைதான்” என்றார். இராசம்மா கரண்டியை வைத்துவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

பழைய சர்டிபிகேட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். நீர் கொதித்தது என்று எழுதச் சொன்னார், எழுதினேன். எத்தனை தரம் அசைத்தேன் என்றும் எழுதச் சொன்னார். இரண்டு தரம் என்று எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. இரண்டு பிரதி, ஒன்று அவருக்கு. அவர் வரைந்த படத்துக்கும் ஒரு பிரதி கொடுத்தார்.

குப்பியை நான் பெட்டியில் வைக்கப் போனபோது அவர் கை வந்து அதன்மேல் படிந்தது. சடையன் சொன்னது நினைவுக்கு வந்தது; இப்போது அந்தக் கை நடுங்கவில்லை. “இது இஞ்சதான் இருக்கும். குறை நினையாதேங்கோ. உங்கட கையில தந்துவிட ஏலாது” என்றார். குறை நினைக்கவில்லை என்றேன். இராசம்மா வழிக்குப் புட்டுக் கட்டிக் கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

சென்னையில் புரொபசர் அந்த மூன்று பக்கத்தையும் படத்தையும் நின்றுகொண்டே படித்தார். என் வேலை அன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டு எதிரே நின்றேன். முடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

“பூச்சி எங்கே?”

“தரவில்லை. என்னை நம்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்.”

அவர் காகிதங்களை மறுபடி புரட்டினார். “அவ்வளவு ஜாக்கிரதையான ஆளா? அப்படியானால் எழுதியிருப்பது சரியாகத்தான் இருக்கும்” என்று சொல்லி உட்கார்ந்து, ஒரு புதுக் காகிதத்தை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார்.

“அவர் முழுப்பெயர் என்ன?” என்று கேட்டார்.